சின்னக் காரில் எந்த மாற்றத்துக்குக் காசு செலவழிக்கலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

80 குதிரைத்திறனும் 14 அங்குலச் சக்கரமும் கொண்ட ஒரு சாதாரணக் காருக்கு என்னென்ன செய்யலாம் என்று கேட்டால், அலங்காரக் கடைக்காரர் ஒரு பட்டியல் தருவார். மெக்கானிக் வேறொரு பட்டியல் தருவார். இரண்டும் ஒத்துப்போகாது. கடைக்காரர் தன்னிடம் விற்பதைச் சொல்கிறார், மெக்கானிக் தன்னிடம் பழுதாகி வருவதைச் சொல்கிறார். இந்த வழிகாட்டி மெக்கானிக் பக்கம் சாய்ந்தது. சாலையைத் தொடும் பாகம், ஓட்டுபவரின் கண்ணுக்கு உதவும் பாகம், உடம்பைத் தாங்கும் பாகம் ஆகிய மூன்றிலும் போடும் பணம் சின்னக் காரில் பலன் தரும். வேகத்துக்காகப் போடும் பணம் பெரும்பாலும் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும் என்பது என் கட்சி.

முதல் படி: குறையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

பொருளைத் தேடுவதற்கு முன் குறையைத் தேட வேண்டும். ஒரு மாதம் வழக்கம்போல ஓட்டுங்கள். எரிச்சல் வந்தால், வண்டியை நிறுத்தியபின் ஒரு வரி குறித்துவையுங்கள். "விளக்கு போதவில்லை" என்று எழுதிப் பயனில்லை. "எதிர்வண்டி கடந்த பிறகு சாலை ஓரம் தெரியவில்லை" என்று எழுதினால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. "சத்தம் அதிகம்" என்பதைவிட "80 கி.மீ. வேகத்தில், சொரசொரப்பான சாலையில், பின்சக்கரப் பக்கமிருந்து இரைச்சல்" என்பது மேல்.

மாதக் கடைசியில் அந்தத் தாளைப் பாருங்கள். "பின்னால் இறக்கை இல்லையே" என்று யாரும் எழுதியிருக்கப் போவதில்லை. அழகுக்காக மாற்றுவது தப்பு என்று சொல்லவில்லை. அது நியாயமான ஆசைதான். அந்தச் செலவை அழகுக் கணக்கிலேயே எழுதுங்கள். பாதுகாப்புக்காக, மைலேஜுக்காக என்று பெயர் மாற்றி எழுதத் தொடங்கும்போதுதான் பணம் வழி தெரியாமல் போகிறது.

இரண்டாம் படி: வண்டியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்

ஐந்தாறு வயதான காரில் நாம் குறை என்று எழுதும் பலவும் தேய்மானம். வளைவில் ஆடுகிறது என்று ஸ்பிரிங் மாற்றப் போகிறவர், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று முதலில் குனிந்து பார்க்க வேண்டும். டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றிலும் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா? ஷாக் அப்சார்பர் ஓய்ந்துபோனதன் அடையாளங்களில் அதுவும் ஒன்று. சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஆடுதண்டுகளின் ரப்பர் புஷ்கள், இன்ஜின் மவுண்ட், கதவு ரப்பர் ஆகியவை வெடித்திருந்தால் புதிதாகப் போடுங்கள். இந்த ரப்பர் சாமான்களை மாற்றிய பிறகு கார் ஒரு சுற்று இளமையாகத் தெரியும். வாங்க நினைத்த பொருட்களில் பாதி தேவையற்றுப் போகும்.

பிரேக் ஆயிலைப் பலர் மறந்தே விடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த வரம்பே 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் மிதி தொபுக்கென்று உள்ளே போவதற்கு இது ஒரு காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதோடு, நல்ல பிரேக் பேடும் போட்டால் போதும். பெரிய டிஸ்க் தேடி அலைய வேண்டாம். உங்கள் காரின் பிரேக் ஏற்கெனவே சக்கரத்தைப் பூட்டுமளவுக்கு, அதாவது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யுமளவுக்கு, பலமாக இருக்கிறது என்றால் ஒரே மிதியில் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். பெரிய டிஸ்க் உதவுவது திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்துச் சூடேறும்போதுதான்.

மூன்றாம் படி: ஒவ்வொரு யோசனையையும் மூன்று கேள்விகளால் சலியுங்கள்

பழையபடி கழற்றிவிட முடியுமா? உடலில் ஓட்டை போடுவதும் கம்பியை வெட்டுவதும் திரும்பி வராத வேலைகள்.

இது இன்னொரு மாற்றத்தை இழுத்து வருமா? பெரிய ஸ்பீக்கர் போட்டால் ஆம்ப்ளிஃபயர் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் வந்தால் தனி வயரிங் வேண்டும். பிறகு பேட்டரி போதவில்லை என்பார்கள்.

வாரண்டி, இன்ஷூரன்ஸ், பதிவுச் சட்டம் மூன்றும் என்ன சொல்கின்றன? நாட்டுக்கு நாடு விதி வேறு. ஆனால் மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது எங்கும் நல்லது. விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடிப்பதைவிட முன்பே நாம் சொல்லியிருப்பது மேல்.

நான்காம் படி: முதல் செலவு டயருக்கு

ஒரு காரியம் மட்டும்தான் செய்ய முடியும் என்றால் டயரை மாற்றுங்கள். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். முடுக்கம், பிரேக், வளைவு, மழை எல்லாமே அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் நடக்கின்றன. விலை குறைந்த மாடல்களில் தொழிற்சாலையிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் மைலேஜையும் விலையையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தது. அதே அளவிலேயே நல்ல ரகத்தில் நான்கு டயர் வாங்கினால் ஈரச் சாலையில் வித்தியாசம் கையில் தெரியும். அளவை மாற்றாமல் ரகத்தை மட்டும் உயர்த்துவதுதான் என் முதல் சிபாரிசு.

அளவையும் மாற்ற விரும்பினால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 165/80 ஆர் 14 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆக பக்கச்சுவர் 132 மி.மீ.; மேலும் கீழுமாக 264. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. மொத்த விட்டம் 619.6 மி.மீ. இதற்குப் பதில் 185/65 ஆர் 15 போட்டால்? பக்கச்சுவர் இரண்டும் சேர்ந்து 240.5, ரிம் 381, மொத்தம் 621.5. வித்தியாசம் 0.3 சதவீதம். ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. கடையில் "இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடுங்கள்" என்று 205/65 ஆர் 15-ஐக் காட்டினால், அதன் விட்டம் 647.5 மி.மீ., அதாவது 4.5 சதவீதம் அதிகம். மீட்டர் இப்போது காட்டும் அதே 100-இல், கார் முன்னைவிட நாலரைக் கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகும். முடுக்கம் மந்தமாகும், திருப்பும்போது சக்கர வளைவில் உரசவும் கூடும். விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. நான் 2-க்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

அடுத்து, அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். 79 என்றால் 437 கிலோ. பழைய டயரைவிடக் குறைந்த எண்ணை ஒருபோதும் வாங்காதீர்கள். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. தள்ளுபடி என்று சொல்லி விற்கப்படும் டயரில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

அலாய் வீல் வாங்குகிறவர்கள் வடிவத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது மூன்று அளவுகளுக்குக் கொடுக்க வேண்டும்: நட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், நடுத்துளையின் விட்டம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரோடு பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது). ஆஃப்செட் 45-இலிருந்து 35-க்குக் குறைந்தால், அதே அகல ரிம்மாக இருந்தாலும் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்குச் சுமை கூடும். நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். பொருத்திய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச்சுவர் மெலிந்துகொண்டே போகும். பள்ளத்தில் விழும்போது அடியை வாங்க ரப்பர் இருக்காது. ரிம் வாங்கிக்கொள்ளும், அப்புறம் உங்கள் இடுப்பு வாங்கிக்கொள்ளும். சின்னக் காருக்கு ஓர் அங்குலம் கூட்டுவதோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: இரவில் பார்க்க

விளக்கில் பணம் போடுவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள். முன்விளக்கின் மூடி இப்போது பெரும்பாலும் பாலிகார்பனேட். வெயிலில் மஞ்சளித்து மங்கிவிடும். பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுத்தால் புதிய பல்பு வாங்கியது போலிருக்கும். பூச்சு இல்லாத வெறும் பாலிஷ் சில மாதங்களில் மறுபடி மங்கும். பிறகு, விளக்கின் சாய்வைச் சரிசெய்யுங்கள். இந்த இரண்டுக்கும் மிஞ்சித்தான் மற்றதெல்லாம்.

பழைய பாணி எச்4 பல்பு (ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் ஒரே பல்பு) உள்ள கார்களில் இன்னொரு சோதனை இருக்கிறது. பலரும் செய்யாதது, மலிவானது. இன்ஜின் ஓட, விளக்கு எரிய, ஒரு மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர் முனையிலும் கறுப்பு முனையைப் பல்பு சாக்கெட்டின் பின்புறம் மின்சாரம் வரும் முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட். அடுத்ததாக, சாக்கெட்டின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர் முனைக்கும் இடையே அதே மாதிரி அளந்து இரண்டையும் கூட்டுங்கள். ஒரு வோல்ட்டை நெருங்கினால் கவனிக்க வேண்டிய இழப்பு. ஏனென்றால் இழைப் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். அந்த நிலையில் தடித்த கம்பியும் ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கொண்ட தனி வயரிங், அதே 60/55 வாட் பல்பை வைத்துக்கொண்டே இரவை மாற்றிவிடும். விளக்கைக் கணினிப் பெட்டி நேரடியாக இயக்கும் புதிய கார்களில் இந்த வேலை வேண்டாம்.

பல்பை 100/90 வாட்டாக மாற்றுவது குறுக்குவழி. ஹை பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து 120 வாட் இழுத்த இடத்தில் 200 வாட் இழுக்கும்; ஆம்பியர் கணக்கில் ஒன்பதிலிருந்து பதினைந்து. சாக்கெட் உருகும், பிரதிபலிப்பான் கருகும். பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. ஹாலஜனுக்காகச் செய்த கிண்ணத்தில் எல்.ஈ.டி. பல்பைச் செருகுவதும் எனக்கு உவப்பில்லை. அந்தக் கிண்ணத்தின் வளைவு, இழை எந்த இடத்தில் எரியும் என்று கணக்கிட்டு வடித்தது. ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் சிதறும். வண்டிக்கு முன்னால் பளீரென்று தெரிவதால் ஓட்டுபவருக்குத் திருப்தி. தூரம் இருட்டாகவே இருக்கும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

ஆறாம் படி: மேல் ரகத்தின் சாமான்களைத் தேடுங்கள்

உங்கள் காரின் விலை குறைந்த ரகமும் விலை உயர்ந்த ரகமும் ஒரே தொழிற்சாலையில், பெரும்பாலும் ஒரே உடற்கூட்டில் தயாராகின்றன. ஆகவே பின்பக்க வைப்பர், உயரம் மாற்றும் சீட், கைதாங்கி, டிக்கி மேல்தட்டு, சில கார்களில் வளைவில் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பார் வரை, மேல் ரகத்தின் பாக எண்ணைக் கேட்டு வாங்கினால் ஒட்டும் வெட்டும் இல்லாமல் உட்காரும். பேனலுக்குப் பின்னால் இணைப்பி ஏற்கெனவே தொங்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வயரிங் கட்டை எல்லா ரகத்துக்கும் போடுகிற கார்கள் உண்டு, போடாதவையும் உண்டு. பழைய சாமான் கடையில் இவை பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். கண்ணாடி, கைதாங்கி போன்றவற்றை அங்கே தயங்காமல் வாங்கலாம்.

ஏர்பேக், ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு நிலைநிறுத்தம் ஆகியவற்றை இப்படிச் சேர்க்க முடியாது. கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார், உடலமைப்பு எல்லாம் சேர்ந்து வடிவமைக்கப்பட்டவை அவை. அவைதான் உங்களுக்குக் குறை என்றால் இந்த வழிகாட்டி உதவாது, காரையே மாற்றுங்கள்.

ரிவர்ஸ் கேமராவுக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். பின்னால் நிற்கும் குழந்தையின் உயரம் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது என்பதுதான் காரணம். டேஷ் கேமராவும் பயனுள்ளது, கம்பியை ஒழுங்காக இழுத்தால். முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் திரை ஏர்பேக் இருந்தால், கம்பி அதன் பின்புறமாகப் போக வேண்டும். முன்புறமாகப் போனால் ஏர்பேக் விரியும்போது அந்தக் கம்பியை முகத்தை நோக்கி வீசும்.

ஏழாம் படி: சத்தம்

சத்தத்தை அடக்குவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதே வேகத்தில் வழவழப்பான சாலைக்கும் சொரசொரப்பான சாலைக்கும் இடையே சத்தம் மாறினால் அது டயர். கியருக்குக் கியர் மாறினால் இன்ஜின். இரண்டுக்கும் அசையாமல் வேகத்தோடு மட்டும் ஏறினால் காற்று. காற்று என்றால் கதவிடுக்குகளின் மேல் வெளியிலிருந்து காகித டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எந்த இடுக்கை மூடும்போது சத்தம் அடங்குகிறதோ அங்கே ரப்பர் போயிருக்கிறது.

கதவுத் தகட்டில் ஒட்டும் பியூட்டில் ஷீட் நல்ல பொருள். ஆனால் அதன் வேலை தகடு அதிராமல் பிடிப்பது. தகட்டின் பரப்பில் கால்வாசியை மூடினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். முழுவதும் ஒட்டச் சொல்வது ஷீட் விற்பவரின் ஆசை. 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ எடை. கதவின் அடியில் உள்ள நீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஹேட்ச்பேக்கில் பின்சக்கர வளைவுகளுக்கு முதலிடம் கொடுங்கள். பாட்டுக் கேட்பவருக்கு ஒரு போனஸ்: கதவை இப்படி இறுக்கிய பிறகு இருக்கும் ஸ்பீக்கரே நன்றாகப் பாடும்.

எட்டாம் படி: சஸ்பென்ஷனும் சக்தியும்

ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைக்காதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் விறைக்கும், ஷாக் அப்சார்பர் அந்த விறைப்புக்கு ஏற்றதல்ல, முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவலாம். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் கட்டையும் பரிந்துரைக்கத்தக்கதல்ல. செருகிய வளையம் வேலை செய்யாமல் மற்ற வளையங்கள் அதன் பாரத்தைச் சுமக்கும். அடி தட்டுகிறது என்றால் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டு, டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியிலுள்ள மூட்டையை இறக்குங்கள்.

இன்ஜின் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் இன்ஜினில், அதைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றி எழுதினால் கூடுவது சாதாரணமாக 5 முதல் 10 சதவீதத்துக்குள். டர்போ இன்ஜினில் கணிசமாகக் கூடும். கிளட்சும் கியர்பாக்ஸும் அதற்கு விலை கொடுக்கும். பானெட்டுக்குள் திறந்து வைத்த கூம்பு ஃபில்டர் இன்ஜின் சூட்டிலிருந்தே காற்றை இழுப்பதால் சத்தம் மட்டும் வீரியமாக இருக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்குப் பின்னால் செருகும் சிறு பெட்டி ஒரு குதிரைத்திறனையும் சேர்ப்பதில்லை. கொஞ்சம் மிதித்தால் நிறைய மிதித்ததாக இன்ஜினுக்குப் பொய் சொல்கிறது, அவ்வளவே.

எடைக் கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவரோடு 1,000 கிலோ எடையுள்ள, 80 குதிரைத்திறன் காருக்கு 5 குதிரைத்திறன் கூட்டினால் 6 சதவீதம் கூடுகிறது. டிக்கியிலும் கூரையிலும் கிடக்கும் 50 கிலோ சாமானை இறக்கினால் 5 சதவீதம், செலவில்லாமல். கூரைத் தாங்கியைக் கழற்றினால் காற்றுத் தடையும் குறையும்.

ஒன்பதாம் படி: கையை எடுக்க வேண்டியவை

முன்னால் இரும்புத் தடுப்பு போடாதீர்கள். மோதலில் மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதியை அது மடியவிடாது. ஏர்பேக் சென்சாரையும் குழப்பலாம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சிறு துணிச்சீட்டு தைத்திருந்தால், அதற்கென்று பிரியும் தையல் இல்லாத சீட் கவரை மாட்டக் கூடாது. பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை நிறுத்த விற்கும் கொக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மேட் சிறிய விஷயம் போலத் தெரியும். 2009-இல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், ஓட்டுபவரின் காலடி மேட் ஆக்சிலேட்டர் மிதியைச் சிக்கவைக்கும் அபாயம்தான். ஒரு மேட்டுக்கு மேல் இன்னொரு மேட் போடாதீர்கள். கொக்கியில் மாட்டிய ஒரே மேட் போதும்.

பத்தாம் படி: மின்வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்

இந்தக் கட்டத்தில் கடையின் நாற்காலியில் உட்காராதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக வரும் எந்தக் கம்பிக்கும், பேட்டரிக்கு மிக அருகில், ஒரு முழத்துக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். தகட்டைத் துளைத்துக் கம்பி உள்ளே போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். கம்பியை உரித்துச் சுற்றி டேப் ஒட்டுகிறார் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். இணைப்பியோ ஃபியூஸ் பெட்டியில் செருகும் கிளையோ கேளுங்கள்.

வேலை முடிந்ததும் காரைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து, பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் ஒழுகுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 300 இருந்தால் 45 ஆம்பியர் மணி பேட்டரி ஆறு நாளில் முற்றிலும் காலியாகும். அதற்கு முன்பே கார் கிளம்ப மறுத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து சில வாரம் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டயரையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது, எது கடகடக்கிறது என்று பிரித்தறிய முடியாது. கழற்றிய அசல் பாகங்களை எண்ணெய் துடைத்து, பெயர் எழுதிக் கட்டிவையுங்கள். காரை விற்கும்போது அலாய் வீலுக்கும் ஆடியோவுக்கும் நீங்கள் போட்ட விலையை யாரும் தரமாட்டார்கள். அசலைத் திரும்பப் பொருத்தி, கழற்றியதைத் தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். பில்களையும் அந்தக் கட்டோடு போட்டுவையுங்கள். அவற்றின் கூட்டுத்தொகை, உங்கள் காரை விற்றுவிட்டு ஒரு படி மேலான காரை வாங்க ஆகும் கூடுதல் பணத்தை நெருங்குகிறது என்றால், அடுத்த பில்லைப் போடாதீர்கள்.